விழுங்கிய பின்

“என் பேரை யார் அடிச்சது?” என்று ராசலிங்கம் கேட்டார்.

சுவை அறையின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. அன்றைக்கு மேசையில் உட்காரப்போகிற ஐந்து பேரின் பெயர்கள் அதில் இருக்கும். மூன்றாவது பெயரின் மேல் நீல மையில் ஒரு கோடு இழுத்திருந்தது.

“நான்தான்,” என்றாள் ஹெப்சிபா.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடிக் குவளைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பிசுக்கு இல்லாதவற்றை மட்டும் மேசையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“காரணம்?”

“உட்காருங்க சார்.”

“உட்கார இடமில்லைன்னுதானே கோடு போட்டிருக்கீங்க. நின்னுக்கிட்டே கேக்கறேன்.”

அவள் ஆசிரியை, அவர் மாணவர். அவளுக்கு முப்பத்தேழு வயது. அவருக்கு ஐம்பத்து மூன்று.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், பிளாஸ்டிக் நாற்காலி செய்கிற கம்பெனிக்குப் பின்னால் இருந்தது அந்தச் சிறிய பீர் ஆலை. ஆறு தொட்டிகள். ஆண்டு முழுதும் காய்ச்சுவது பிரவுன் ஏல் என்கிற பழுப்பு நிற பீர் ஒன்றுதான். மார்த்தாண்டத்தில் பிறந்து, கடல் தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வந்த ஹெப்சிபா அங்கே சுவை மேசைக்குப் பொறுப்பு. கற்றுக்கொள்ள வருகிறவர்களை அவள் சேர்த்துக்கொள்வாள். ஐந்து மாதம் கழித்து அவள் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்தால், எந்த ஆலையிலும் கேள்வி கேட்காமல் நாற்காலி போடுவார்கள்.

ராசலிங்கம் குன்னூரில் இருபத்திரண்டு வருடம் தேயிலை சுவைத்தவர். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கி, கடைசியில் சுவை மேசைக்கு வந்தவர். ஒரு வாய் தேநீரில் அந்த இலை மலையின் எந்தப் பக்கம் வளர்ந்தது, பறித்த அன்று மழை பெய்ததா என்று சொல்லிவிடுவார். கம்பெனியை மூடிவிட்டார்கள். அவருடைய நாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு ஹெப்சிபாதான் கடிதம் எழுதி வரவழைத்தாள். நாலு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் இருந்தது. தாள் கிடைக்காவிட்டால் அவர் குன்னூருக்குத் திரும்ப வேண்டும். அங்கே இப்போது நாக்குக்கு வேலை இல்லை.

“நேத்து நான் எழுதினதைப் படிச்சீங்களா?” என்று கேட்டார்.

“படிச்சேன்.”

“வறுத்த வேர்க்கடலைத் தோல்னு எழுதினேன். கடலை இல்ல, தோலு. உங்க மத்த நாலு பேரும் ‘கடலை வாசனை’ன்னு எழுதி வச்சிருப்பாங்க. கருப்பட்டிப் பாகு முத்தின வாசனைன்னு எழுதினேன். அது யாருக்காவது கிடைச்சுதா?”

“கிடைக்கல.”

“அப்புறம்?”

“கடைசி வரி,” என்றாள் ஹெப்சிபா.

சுவைத் தாளில் ஐந்து வரிகள் உண்டு. நிறம். நுரை. மணம். வாயில். ஐந்தாவது வரியின் பெயர் ‘விழுங்கிய பின்’.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு லூசியன் உள்ளே வந்தான். ஏலைக் காய்ச்சுகிறவன் அவன். ரப்பர் பூட்ஸிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

“சார், நீங்க விடாதீங்க,” என்றான் ராசலிங்கத்திடம். “நாலு பேர் ஆயிரம் சொல்லட்டும். குன்னூர் நாக்கு நல்லாருக்குன்னு எழுதியாச்சு. அதுக்கு மேல என்ன?”

“போன வாரம் வரைக்கும் என்னை டீ மாஸ்டர்னு கூப்பிட்டது யாருப்பா?”

“அது அன்புல சார்.”

“‘மாஸ்டர், லைட்டா ஒண்ணு, சக்கரை கம்மி’ன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னியே, அதுவும் அன்புலதானா?”

லூசியன் சிரிக்கப் பார்த்தான். ஹெப்சிபாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

“மேடம், ஆறாம் தொட்டியில காய்ச்சின ஈட்டைக் கீழ ஊத்திடாதீங்க. மூணு வாரம் உயிரக் குடுத்திருக்கேன்.”

“அடிப்பிடிச்சிருக்கு லூசியன்.”

“நீங்க சொல்றீங்க. சார் தாள்ல ‘சுத்தம்’னு இருக்கு. எதை நம்புறது?”

“ஆறாம் தொட்டியத் திறந்து விடு.”

“மேடம்…”

“போ. நான் வந்து திறந்தா இன்னும் கேவலம்.”

அவன் ராசலிங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். கதவை அவன் சாத்திய வேகத்தில் மேசை மேலிருந்த குவளைகள் கிணுகிணுத்தன.

ராசலிங்கம் நாற்காலியை இழுத்தார். உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் துப்புறேன்கிறதுதான் உங்களுக்குக் குறை. நேராச் சொல்லுங்க.”

முதல் நாளே அந்தப் பேச்சு நடந்திருந்தது. தேயிலைக்காரர்கள் சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிடுவார்கள். ஏலைச் சுவைக்கிறவர்கள் ஒரு வாயாவது விழுங்க வேண்டும். கசப்பின் கடைசிப் பகுதி தொண்டையில் இறங்கி, ஒரு மூச்சு வெளியே போன பிறகுதான் தெரியும். வறுத்த வாசனைக்குள் கருகல் ஒளிந்திருந்தால் அப்போதுதான் அகப்படும். இதை ஹெப்சிபா சொல்லி முடித்ததும், “நான் துப்புவேன்,” என்றார் ராசலிங்கம். குன்னூரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டார். ஹெப்சிபா “சரி” என்றாள். பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

“துப்புறது குறை இல்ல,” என்றாள் இப்போது.

அலமாரியைத் திறந்து, தாள்கள் செருகிய கோப்பு ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டாள். போட்ட விதத்தில் தாள்கள் சரிந்து விரிந்தன.

“உங்க தாளுங்க. அறுபத்தொண்ணு. கடைசி வரிய மட்டும் வாசிங்க.”

“எதுக்கு?”

“வாசிங்க சார்.”

அவர் மேலே இருந்ததை எடுத்தார். “‘சுத்தம்.’” அடுத்ததை எடுத்தார். “‘மெல்லிய கசப்பு. நீண்டு நிற்கிறது.’” அடுத்தது. “‘காய்ந்து முடிகிறது. தொண்டையில் இதமான சூடு.’”

“நீண்டு நிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, எங்க நின்னுது?”

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

“வாளியிலயா?”

ராசலிங்கத்தின் கை மேசையில் அறைந்தது. ஒரு குவளை உருண்டு விழுந்து உடைந்தது.

“கேலியா?”

“கேலி இல்ல. கோபம்.”

“உங்களுக்கென்ன கோபம்? பேரு போனது எனக்கு.” அவர் குரல் உயர்ந்தது. “முன்னால வர்றத வச்சுப் பின்னால என்ன வரும்னு சொல்லத் தெரிஞ்சவன் நான். காய்ஞ்ச இலையக் கையில வாங்கினாலே கோப்பையில எப்படி இறங்கும்னு சொல்வேன். அதுக்குப் பேரு அனுபவம். இந்த அறுபத்தொண்ணுல எத்தனை தப்பு? சொல்லுங்க.”

“ரெண்டு.”

“ரெண்டே ரெண்டு!”

“அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வரல.”

அவள் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கியபடியே பேசினாள்.

“மார்ச்ல ஒரு ஈடு. அன்னைக்கு மேசையில மத்த நாலு பேரும் புதுசு. நீங்க ‘சுத்தம்’னு எழுதினீங்க. எனக்குத் தொண்டையில என்னவோ உறுத்துச்சு. எழுதிட்டேன். அப்புறம் உங்க தாளைப் பார்த்தேன். குன்னூர்க்காரருக்கு வராதது எனக்கு மட்டும் வருதான்னு நினைச்சு, நான் எழுதினதை அடிச்சேன். அதை ஒரு விருந்துல எம்பது பேருக்கு ஊத்தினோம். பாதிப் பாதிக் குவளை மேசையிலயே நின்னுது. அன்னைக்கு ராத்திரி பூரா என் நாக்கு கெட்டுப்போச்சுன்னு அழுதேன். பத்து வருசமா இந்த ஒண்ண வச்சுத்தான் பொழைக்கிறேன். நீங்க துப்பினதை நம்பி, நான் விழுங்கினதை அடிச்சேன் சார்.”

ராசலிங்கம் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருக்கணும்.”

“நாலு மாசமா நான் எழுதறதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. சின்னப் பையன் காப்பியடிக்கிறதைப் பின்னால நின்னு பாக்கற மாதிரி. இது வாத்தியார் வேலையா?”

“இல்ல.”

“ஏன் கேக்கல?”

“பயம். உங்களக் கேக்க நான் யாருன்னு ஒரு பயம்.” அவள் துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டாள். “அது என் தப்பு. அதுக்கு என் மேல கோபப்படறேன். உங்க தப்புக்கு உங்க மேல.”

வெளியே எங்கேயோ ஒரு வால்வு திறந்தது. தண்ணீர் பீறிடுகிற சத்தம் போல ஒன்று கேட்டது. பிறகு வறுத்த ரொட்டி வாசனை ஜன்னல் வழியாக வந்தது. ஆறாம் தொட்டி சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ராசலிங்கம் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றார். “சண்டைக்குக் கேக்கல. விழுங்காம ஒரு பொருளை முழுசா அறியவே முடியாதா?”

ஹெப்சிபா ஒரு கூஜாவைத் திறந்து இரண்டு குவளைகளில் ஊற்றினாள். எந்தத் தொட்டி என்று சொல்லவில்லை. இரண்டு புதுத் தாள்களை எடுத்து ஒன்றை அவரிடம் தள்ளினாள்.

அவர் உட்கார்ந்தார்.

குவளையைத் தொட்டதும் அவருடைய முகம் மாறியது. கோபம் கழுத்துக்குக் கீழே இறங்கி அங்கேயே காத்திருந்தது. குவளையைச் சாய்த்து ஜன்னல் பக்கம் காட்டினார்.

“ஆறிப்போன வரக்காப்பி நிறம். விளிம்புல மட்டும் செவப்பு. நுரை வெள்ளை இல்ல, வெல்லம் காய்ச்சறப்ப ஓரத்துல ஒதுங்குமே, அது. கண்ணாடியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குது.” மூக்கருகே கொண்டுபோனார். எடுத்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் குவளையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “குளிர்ல வாயைத் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் சூடாகட்டும்.” மறுபடி முகர்ந்தார். “இப்ப வருது. ரொட்டியோட மேல் ஓடு. பேரீச்சம்பழம், புதுசு இல்ல, டப்பாவில ஒட்டிக்கிட்டுக் கிடக்குமே அது. கடைசியில ஈரமண் மாதிரி ஒண்ணு. அது ஈஸ்ட்டுதானே?”

“ஆமா.”

சர்ரென்று உறிஞ்சினார். கன்னங்கள் அசைந்தன. கண்களை மூடிக்கொண்டார். பிறகு வாளியில் துப்பினார்.

“நடுவுல நல்ல உடம்பு. தண்ணியா ஓடல. இனிப்பு முன்னால வந்துட்டு உடனே ஒதுங்கிக்குது, மரியாதை தெரிஞ்சது மாதிரி.”

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இப்படிச் சொல்ல அவளுக்கு வராது. அது அவளுக்குத் தெரியும்.

அவர் நாலு வரிகளை எழுதி முடித்தார். பேனா ஐந்தாவது வரியில் வந்து நின்றது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

ஹெப்சிபா தன் குவளையை எடுத்தாள். நாற்காலியோடு திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவருக்கு அவளுடைய முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தன. அவள் குடித்தாள். விழுங்குகிற ஒலி கேட்டது. பிறகு அவள் அசையவில்லை.

ராசலிங்கத்தின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

“எழுதுங்க சார்,” என்றாள் சுவரைப் பார்த்தபடி.

“திரும்புங்க.”

“எழுதுங்க.”

“முதுகக் காட்டிக்கிட்டு என்ன பாடம் இது? திரும்புங்க மேடம்.”

“திரும்பினா என் புருவத்தைப் பார்ப்பீங்க. உதட்டோரத்தைப் பார்ப்பீங்க. நான் எச்சில் முழுங்கறது ஒருதரமா ரெண்டுதரமான்னு பார்ப்பீங்க. நேத்துக் காலையில மேசையில ஒவ்வொருத்தருக்கும் நடுவுல தடுப்புப் பலகை அடிக்கச் சொன்னது எதுக்குன்னு நினைச்சீங்க? அடுத்தவங்க முகம் தெரியாம நீங்க எழுதின முதல் தாள் அதுதான். அதுல ‘சுத்தம்’னு எழுதியிருந்தீங்க. மத்த நாலு பேரும் சட்டியில கருகின பாலுன்னு எழுதியிருந்தாங்க.”

பேனா மேசையில் விழுந்தது.

அவர் அதை எடுக்கவில்லை. பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. அதில் கோபம் குறைந்திருக்கவில்லை.

“நான் விழுங்க மாட்டேன். இந்த வேலையே போனாலும் விழுங்க மாட்டேன்.”

ஹெப்சிபா திரும்பினாள். “விழுங்கச் சொன்னேனா? ஒரு தடவையாவது சொல்லியிருக்கேனா?”

“என் தம்பிய இது தின்னுடுச்சு.”

அவள் தன் குவளையை மேசையில் வைத்தாள்.

“யோகராசான்னு பேரு. கூடலூர்ல டிரைவரா இருந்தான். செத்துப் பதினோரு வருசம் ஆச்சு. நான் எதுக்கு இங்க வந்தேன்னு நினைக்கிறீங்க? வேற வேலை இல்லாமலா? அவன் உசுர விட, அவன் பொண்டாட்டிய விட, என்னை விட அவனுக்குப் பெருசாத் தெரிஞ்சது எதுன்னு பாக்க வந்தேன்.”

“பார்த்தீங்களா?”

“பாத்தேன்.” அவர் குவளையைக் காட்டினார். “நல்லா இருக்கு. எழவு, நல்லா இருக்கு. அதுதான் எனக்குத் தாங்கல. சாக்கடை மாதிரி இருந்திருந்தா நிம்மதியா ஊருக்குப் போயிருப்பேன்.”

“அவர் குடிச்சது இது இல்லையே.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

“நாக்கு உள்ளவர் பேசற பேச்சா இது?”

அவர் குவளையைத் தள்ளி வைத்தார். “கடைசி மூச்சு வரைக்கும் குடிச்சான். தலகாணிக்குக் கீழ பாட்டிலோட செத்தான்.”

“நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

“இல்ல. குன்னூர்ல வேலை.”

“யார் சொன்னாங்க?”

“எல்லாரும் சொன்னாங்க.”

“அவர் வீட்டுக்காரம்மா?”

“அவகிட்ட நான் பேசறதில்ல. காரியத்துக்கும் போகல. பாட்டில் வாங்கிக் குடுத்ததே அவதான்.”

“அதையும் எல்லாரும் சொன்னாங்களா?”

ராசலிங்கம் எழுந்தார். வாளி காலில் தட்டிச் சாய்ந்து, துப்பியதெல்லாம் தரையில் பரவியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

“நாக்கைப் பத்திப் பேசுங்க,” என்று கத்தினார். “என் வீட்டுக்குள்ள வராதீங்க. வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசிக்கிட்டு இருக்கேன்.”

“என் வயசுக்கா?”

“என் வயசுக்கு!”

அவர் வெளியே போய்விட்டார்.

ஆறாம் தொட்டியின் அடியில் லூசியன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பழுப்பு நுரை வாய்க்கால் நெடுக மிதந்து போனது. அவன் கண்கள் சிவந்திருந்தன.

“வந்துட்டீங்களா? வாங்க, வந்து பாருங்க,” என்றான். “சுத்தம்னு எழுதினவரு நீங்கதானே? உள்ள உட்கார்ந்து ஒரு வார்த்தை அடிச்சுப் பேசியிருக்கக் கூடாதா?”

“நீ குடிச்சுப் பாத்தியா?”

“குடிக்காம?”

“எப்படி இருந்துச்சு?”

“என்னைக் கேட்டா? நான் காய்ச்சினது சார். எனக்கு நல்லாத்தான் இருக்கும். அதுக்குத்தானே அங்க அஞ்சு பேர உட்கார வச்சிருக்கு. நீங்க சொன்னீங்கன்னு நம்பித்தான் அந்தம்மாகிட்ட வாயைக் குடுத்தேன்.” குழாயை வாய்க்காலில் எறிந்தான். “டீ மாஸ்டர்னு சொன்னா மட்டும் கோபம் வருது.”

ராசலிங்கம் அங்கேயே நின்றார். தொட்டி காலியாகும்வரை நின்றார். லூசியன் அவரை மறுபடி பார்க்கவில்லை.

அவர் உள்ளே திரும்பியபோது ஹெப்சிபா தரையைத் துடைத்து முடித்திருந்தாள். வாளியைக் கழுவி, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் அதே இடத்தில் வைத்திருந்தாள். கழுவி வைத்திருந்தது அவருக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

“அந்த வரியக் காலியா விட்டா என் பேரை எழுதுவீங்களா?” என்று கேட்டார்.

“மாட்டேன்.”

“பின்ன?”

“காலியா இருந்தா, மறந்துட்டார் போலன்னு நினைச்சுக்குவாங்க. யாராவது நல்லெண்ணத்துல நிரப்பியும் வைப்பாங்க. ‘தெரியாது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“அம்பத்து மூணு வயசுல.”

“ஆமா.”

“இருபத்திரண்டு வருசம் என் ஒரு வார்த்தைக்கு லாரி லாரியா சரக்கு ஏறியிருக்கு. நான் உட்கார்ந்து ‘தெரியாது’ன்னு எழுதணும்.”

“ஆமா சார்.”

“இந்த அறுபத்தொண்ணுலயுமா?”

“அறுபத்திரண்டு. இன்னைக்குத் தாளையும் சேர்த்து.”

ராசலிங்கம் உட்கார்ந்தார். பழைய தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். முதல் தாளில் கடைசி வரியை அவர் அடித்த வேகத்தில் பேனா முனை தாளைக் கிழித்தது. அடுத்ததிலும் கிழிந்தது. ஹெப்சிபா எதிரே உட்கார்ந்து, ஒரு தட்டிலிருந்த பொரியை ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருந்தாள். இருபதாவது தாளுக்குப் பிறகு கிழியவில்லை. ஒரு தாளில் நிறுத்தி, தான் எழுதியிருந்ததைப் படித்தார்.

“‘மாலைநேர வெயில் போல மெல்லத் தணிகிறது.’” அவர் உதடு கோணியது. “இதை நான் எப்படி எழுதினேன்?”

“அன்னைக்கு என் முகம் அப்படி இருந்திருக்கும்.”

அவர் அதையும் அடித்தார். ‘தெரியாது’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

அறுபத்திரண்டும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. ஹெப்சிபா தாள்களை அடுக்கி அலமாரியில் வைத்தாள். வாசலுக்குப் போய்ப் பலகையில் இருந்த கோட்டை விரலால் துடைத்தாள். கோட்டோடு பெயரும் பாதி அழிந்தது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில், ‘விழுங்குவதில்லை’ என்றும் எழுதினாள்.

ராசலிங்கம் எழுந்து வந்து அதைப் பார்த்தார்.

“ஊருக்கே தெரியணுமா?”

“மேசையில உட்கார்றவங்களுக்குத் தெரியணும். அடுத்த மாசம் நான் கையெழுத்துப் போட்டுத் தர்ற தாள்லயும் இது இருக்கும்.”

“அப்ப எந்த ஆலைக்காரன் என்னைக் கூப்பிடுவான்?”

“கூப்பிடறவங்க கூப்பிடுவாங்க.”

பலகையை நோக்கி அவருடைய கை போனது. எழுத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. கையை இறக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மற்ற நாலு பேரும் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, பலகையைப் படித்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் அவர்களோடு போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

“நேரமாச்சு சார்,” என்றாள் ஹெப்சிபா.

“பதினோரு வருசம்,” என்றார் ராசலிங்கம். அவளைத் திட்டுகிற குரலிலேயே சொன்னார். “இத்தனை நாள் கழிச்சு தம்பி பொண்டாட்டி முன்னால நான் போய் நின்னா, கடைசியில அவன் எப்படி இருந்தான்னு அவ எனக்குச் சொல்வாளா?”

ஹெப்சிபா அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தெரியாது சார்,” என்றாள்.